கால் ஆணி: எடுப்பதற்கு முன்னால் இடிப்பதைக் கண்டுபிடியுங்கள்

கால் ஆணி வந்த எவரும் முதலில் கேட்பது, "இதை எப்படி எடுப்பது?" என்றுதான். அந்த அவசரம் புரிகிறது. ஒவ்வோர் அடியும் கூழாங்கல்லை மிதித்ததுபோல் சுருக்கென்று குத்தும்போது வேறெதுவும் தோன்றாது. ஆனால் ஆணியை மட்டும் எடுத்துவிட்டு, அதை உண்டாக்கிய காரணத்தை அப்படியே விட்டுவிட்டால், சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும். இரண்டு மூன்று தடவை எடுத்தும் திரும்ப வந்துவிட்டதால், "இது என் உடம்பு வாகு, தீராது" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இதுதான் எனக்கு வருத்தம். பெரும்பாலான கால் ஆணிகளை வீட்டிலேயே சரிசெய்துவிட முடியும். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் அது ஆணிதானா என்று உறுதிசெய்ய வேண்டும். அடுத்து எது இடிக்கிறது என்று தேட வேண்டும். இடிப்பதை நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆணியில் கைவைக்க வேண்டும்.

மேலே படிப்பதற்கு முன் ஒன்று. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, கால்களில் ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருந்தாலோ, பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ, இந்தக் கட்டுரையில் வரும் ஊறவைத்தல், தேய்த்தல், மருந்துப் பிளாஸ்திரி எதையும் வீட்டில் செய்யாதீர்கள். உங்களுக்கென்று தனிப் பகுதி பின்னால் இருக்கிறது.

ஆணி எப்படி உருவாகிறது

நம் தோலின் ஆக மேலடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. கெரட்டின் என்ற கெட்டியான புரதம் நிறைந்த அந்தச் செல்கள் அடியில் பிறந்து, மெல்ல மேலே வந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்கின்றன. ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தமோ உராய்வோ விழுந்தால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே செல்களை வேகமாக உற்பத்தி செய்கிறது. அவை உதிராமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கித் தடிக்கின்றன.

அழுத்தம் அகலமான பரப்பில் விழுந்தால் வருவது காய்ப்பு. குதிகாலிலும் முன்பாதத்திலும் பலருக்கும் இருப்பது அதுதான், பெரும்பாலும் வலிக்காது. அதே அழுத்தம் ஒரு சிறு புள்ளியில் குவிந்தால் கதை வேறு. உள்ளே எலும்பு முட்டு, வெளியே காலணியின் கடினமான பகுதி, நடுவில் தோல் மாட்டிக்கொள்கிறது. அந்தப் புள்ளியில் தடித்த தோல் கூம்பு வடிவம் எடுக்கிறது. கூம்பின் அகன்ற பக்கம் வெளியே, கூர்மையான பக்கம் உள்ளே. நீங்கள் நடக்கும்போது அந்தக் கூர் முனை நரம்புகள் நிறைந்த உள்தோலை அழுத்துகிறது. வலி அங்கிருந்துதான் வருகிறது.

இங்கே ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். ஆணிக்கு வேர் இருக்கிறது, வேரோடு பிடுங்கினால்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு ஆழமாகத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வேர் எதுவும் கிடையாது. அந்தக் கூம்பு முழுவதும் செத்த தோல். அதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தோண்டும்போது ரத்தம் வருகிறதென்றால் நீங்கள் ஆணியைத் தாண்டி நல்ல தோலுக்குள் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். ஆணி திரும்ப வருவது வேர் மிச்சமிருப்பதால் அல்ல, அழுத்தம் மிச்சமிருப்பதால். இது கிருமியால் வருவதும் இல்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

ஆணியில் மூன்று வகை உண்டு. விரல்களின் மேல்புற மூட்டிலும், சுண்டுவிரலின் வெளிப்பக்கத்திலும், முன்பாதத்தின் அடியிலும் வருவது கெட்டி ஆணி. அதிகம் பார்ப்பது இதைத்தான். உள்ளங்காலில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வரும் விதை ஆணி பெரும்பாலும் தொல்லை தராது. மூன்றாவது மென் ஆணி. இது விரல்களுக்கு இடையில், பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வரும். ஒரு விரலின் எலும்பு பக்கத்து விரலின் எலும்பில் இடிப்பதால் உண்டாகி, வியர்வையில் ஊறி வெள்ளையாக, ரப்பர் மாதிரி கிடக்கும். பார்ப்பதற்குச் சேற்றுப்புண் போல இருப்பதால், மாதக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு தடவியும் பயனில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. பூஞ்சை என்றால் அரிப்பு இருக்கும், தோல் உரிந்து பக்கத்துக்குப் பரவும். மென் ஆணி ஒரே புள்ளியில் நிற்கும். இரண்டு விரல்களையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் புள்ளி மட்டும் வலிக்கும்.

முதல் படி: ஆணியா, மருவா?

உள்ளங்காலில் வரும் மருவை ஆணி என்று நினைத்து அறுப்பதும், ஆணியை மரு என்று நினைத்து மருந்து வைப்பதும் அன்றாடம் நடக்கிற தவறுகள். மரு வருவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸால். அது பரவும், அதற்கான சிகிச்சையும் வேறு.

காலைக் கழுவி, வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கைரேகை போலப் பாதத்திலும் கோடுகள் உண்டு. காய்ப்பின் மேல் அந்தக் கோடுகள் அறுபடாமல் ஓடும். மருவை நெருங்கும்போது கோடுகள் விலகிச் சுற்றிக்கொண்டு போகும். மருவின் மேல் கோடு இருக்காது, கூடவே மிளகுப்பொடி தூவியதுபோல் சில கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை ரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். ஆணி என்றால் சுற்றிலும் தடித்த தோல் இருக்க, நடுவில் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ, சற்றே ஒளி ஊடுருவுகிற மாதிரி ஒரு கெட்டியான வட்டம் இருக்கும். கறுப்புப் புள்ளிகள் இருக்காது.

அடுத்தது விரலால் செய்யும் சோதனை. நேராக மேலிருந்து அழுத்திப் பாருங்கள்; பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளிப் பாருங்கள். நேராக அழுத்தும்போது அதிகம் வலித்தால் ஆணியாக இருக்க வாய்ப்பு அதிகம். கிள்ளும்போது அதிகம் வலித்தால் மருவைச் சந்தேகியுங்கள். இருக்கும் இடமும் துப்பு கொடுக்கும். எடை விழாத, எதுவும் உரசாத இடத்தில் ஆணி வராது. சிறு பிள்ளைகளுக்கு உள்ளங்காலில் வந்தால் அது ஆணியாக இருப்பதைவிட மருவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னும் இரண்டு சங்கதிகள். எப்போதோ ஏறிய முள்ளோ கண்ணாடிச் சில்லோ உள்ளேயே தங்கிவிட்டால், அதன் மேல் தோல் தடித்து ஆணி போலவே காட்சி தரும். அதேபோல், உள்ளங்காலில் கறுப்பாகவோ ஒழுங்கற்ற நிறத்திலோ ஒரு திட்டு வளர்ந்துகொண்டே போனால், தானாக ரத்தம் கசிந்தால், ஆறாமல் இருந்தால், ஒரு நாளும் வீட்டு வைத்தியம் செய்யாதீர்கள். அரிதானதுதான், ஆனாலும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளங்காலில் வருவதுண்டு; அதை ஆணி என்றும் மரு என்றும் நினைத்துக் காலம் கடத்துவது ஆபத்து. தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: எது இடிக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்க்க நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

கடந்த இரண்டு மாதத்தில் போட்ட எல்லாக் காலணிகளையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். வீட்டுக்குள் போடும் செருப்பையும், விசேஷத்துக்கு மட்டும் போடுவதையும் விட்டுவிடாதீர்கள். இப்போது ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையும் விழும்படி எழுந்து நின்று, யாரையாவது பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து வரைந்தால் எடை மாறிவிடும், கோடு சரியாக வராது. வரைந்த பாதத்தின் மேல் ஒவ்வொரு காலணியையும் வைத்துப் பாருங்கள். பலருக்கும் இந்த இடத்தில்தான் விஷயம் விளங்கும்: முன்பகுதியில் காலணிக்கு வெளியே பாதத்தின் கோடு தெரியும். அவ்வளவு அகலமான பாதத்தை அவ்வளவு குறுகலான காலணிக்குள் தினமும் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து கையைக் காலணிக்குள் விட்டுத் தடவுங்கள். ஆணி இருக்கும் இடத்துக்கு நேராகத் தையல் மடிப்பு, பட்டையின் ஓரம், உள்ளே எட்டிப்பார்க்கும் இரும்பாணி முனை, மடங்கிய இன்சோல் (காலணிக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் விரிப்பு) ஏதாவது இருக்கிறதா? இன்சோலைக் கழற்றி எடுக்க முடிந்தால் அதில் பதிந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். விரல் நுனிகளின் தடம் இன்சோலின் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தால் காலணி நீளம் போதவில்லை. முன்பாதத்தில் ஒரு வட்டம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் எடை அங்கே குவிகிறது.

அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஆணியின் மேல் துளி லிப்ஸ்டிக் தடவி, சாக்ஸ் இல்லாமல் காலணியைப் போட்டுப் பத்து அடி நடந்து கழற்றுங்கள். உள்ளே எங்கே சாயம் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது.

ஆணி இருக்கும் இடத்தை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் இருந்தால் முன்பகுதி குறுகல். விரலின் மேல்முட்டில் இருந்தால் காலணியின் முன்பகுதி உயரம் போதவில்லை, அல்லது அந்த விரல் நடு மூட்டில் மடங்கி மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. விரல் நுனியில் வந்தால் காலணி குட்டை. முன்பாதத்தின் அடியில் வந்தால் உயரமான குதி, மெல்லிய அடிப்பகுதி, வெறுங்காலோடு கெட்டித் தரையில் நெடுநேரம் நிற்பது என்று காரணங்கள் விரியும். வயது ஏற ஏற முன்பாதத்துக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பு மெலிந்துபோவதால், அதுவரை ஒத்துவந்த செருப்பே திடீரென்று ஒத்துவராமல் போகும்.

தளர்வான காலணியும் குற்றவாளியாகலாம் என்பதைப் பலர் நம்புவதில்லை. பிடிப்பில்லாத செருப்பு கழன்று போகாமலிருக்க விரல்கள் தாமாகவே மடங்கி அதைப் பற்றிக்கொள்ளும். நாள் முழுக்க மடங்கிய விரலின் முட்டு மேலே உரசும், பாதமும் முன்னும் பின்னும் வழுக்கும். "இறுக்கமாக இருந்ததால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன், அப்படியும் ஆணி வந்தது" என்பதற்கு இதுதான் விளக்கம். தேவைப்பட்டது நீளம் அல்ல, அகலம்.

மூன்றாம் படி: அழுத்தத்தை எடுங்கள்

குற்றவாளி தெரிந்துவிட்டால் அந்தக் காலணியை உடனே நிறுத்துங்கள். வேலைக்குக் கட்டாயம் அதையே போட வேண்டும் என்றால், காலணி பழுது பார்ப்பவரிடம் ஆணி இருக்கும் இடத்தைக் குறித்துக் கொடுத்து அந்த இடத்தை மட்டும் விரித்துத் தரச் சொல்லலாம். தோல் காலணிகள் இதற்கு நன்றாக இடம் கொடுக்கும். செயற்கைப் பொருளில் செய்தவை அவ்வளவு விரியாது.

அடுத்தது வளையப் பஞ்சுமெத்தை. மருந்துக் கடையில் நடுவில் ஓட்டையோடு வட்டமாகக் கிடைக்கும். தடிமனான ஒட்டுத்துணியை நீங்களே வெட்டியும் செய்துகொள்ளலாம். ஆணி ஓட்டைக்குள் இருக்க வேண்டும், மெத்தை அதைச் சுற்றி இருக்க வேண்டும். ஆணியின் மேலேயே ஒட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே இறுக்கமான காலணிக்குள் இந்த மெத்தையையும் திணிக்காதீர்கள். இருக்கும் கொஞ்ச இடமும் போய்விடும். விரல் முட்டில் வந்த ஆணிக்குச் சிலிக்கோன் விரல் உறை வசதியாக இருக்கும். விரல்களுக்கு இடையில் வந்த மென் ஆணிக்கு, இரண்டு விரல்களையும் பிரித்து வைக்கும் சிலிக்கோன் தடுப்பு. சாதாரணப் பஞ்சை வைத்தால் அது வியர்வையில் நனைந்து கெட்டியாகி, அதுவே இடிக்க ஆரம்பித்துவிடும்.

சிறிய ஆணி என்றால் இந்த மூன்று படிகளோடே வேலை முடிந்துவிடுவதுண்டு. அழுத்தம் நின்ற பிறகு தோல் தன் வழக்கமான வேகத்துக்குத் திரும்பி, தடிப்பு தானாக உதிர்கிறது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், பொறுக்க வேண்டும்.

நான்காம் படி: ஊறவைத்துத் தேய்ப்பது

கெட்டி ஆணிக்கு மட்டும் இது. மென் ஆணியை ஊறவைக்காதீர்கள். அது ஏற்கெனவே ஊறித்தான் கிடக்கிறது. அதற்கு வேண்டியது ஈரம் துடைப்பதும், விரல்களைப் பிரித்து வைப்பதும்தான்.

வெதுவெதுப்பான நீரில் பாதத்தை 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். கொஞ்சம் சோப்பு கலந்துகொள்ளலாம். சூடு அதிகமானால் பலன் கூடாது. பியூமிஸ் கல்லையும் (பாதம் தேய்க்கும் துளைகள் நிறைந்த கல்) நீரில் நனைத்து, ஆணியின் மேல் மெதுவாக வட்டமாகவோ பக்கவாட்டிலோ தேய்த்து எடுங்கள். வெள்ளையாக மாவு போல உதிர்வது செத்த தோல். சில நிமிடம் தேய்த்ததும் ஒருமுறை கழுவி விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தாலோ, தொடும்போது கூச்சமாக இருந்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் முழுவதையும் தேய்த்து எடுக்கும் ஆசைதான் புண்ணில் கொண்டுபோய் விடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய அடுக்கு போனால் போதும். இப்படி ஒன்றுவிட்டு ஒரு நாள் என ஓரிரு வாரம் செய்தால் நல்ல மாற்றம் தெரியும்.

தேய்த்துத் துடைத்த பிறகு யூரியா கலந்த களிம்பு தடவுங்கள். யூரியா 10 சதவீதம் இருந்தால் தோலை ஈரப்பதமாக வைக்கும். 20, 25 சதவீதம் என்று போகும்போது தடித்த தோலை இளக்கவும் செய்யும். இரவில் தடவிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் நன்றாக ஊறும். விரல் இடுக்குகளில் மட்டும் எந்தக் களிம்பும் வேண்டாம். தேய்த்த கல்லைக் கழுவிக் காயவையுங்கள், வீட்டில் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

பிளேடு, சவரக்கத்தி, நகவெட்டி எதையும் ஆணியில் வைக்காதீர்கள். எதையாவது காய்ச்சிச் சுடுவது, அமிலம் ஊற்றுவது, தோலைப் பொசுக்கும் செடிப்பாலை வைத்துக் கட்டுவது இவையும் வேண்டாம். இவையெல்லாம் ஆணியையும் நல்ல தோலையும் பிரித்துப் பார்க்காது. உள்ளங்காலில் வந்த புண் ஆற நாளாகும். ஆறிய தழும்பே பிறகு ஒவ்வோர் அடியிலும் வலிக்கக்கூடும். வீட்டில் ஆணியை அறுத்து, சீழ் வைத்து, கடைசியில் ஆன்டிபயாடிக் வரை போவது தேவையே இல்லாத வேதனை.

ஐந்தாம் படி: மருந்துப் பிளாஸ்திரி

கார்ன் கேப் என்ற பெயரில் கிடைப்பது சாலிசிலிக் அமிலம் தடவிய பிளாஸ்திரி. பெரும்பாலும் 40 சதவீதம் அமிலம் இருக்கும். இது கெரட்டினை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி, தடித்த தோலை வெள்ளையாக ஊறவைத்துப் பெயர்க்கிறது. பலன் உண்டு. 2013இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பிளாஸ்திரி போட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஆணி முழுவதுமாகப் போயிருந்தது; கத்தியால் சீவி எடுக்கப்பட்டவர்களில் அது ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. இதையே மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: இரண்டு வழியிலும் பெரும்பாலானோருக்கு ஆணி மிச்சமிருந்தது. மேலே மூன்று படிகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போடும் முறை இதுதான். காலை ஊறவைத்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மருந்து வட்டம் ஆணியின் அளவுக்கு மேல் இருந்தால் கத்தரியால் சின்னதாக்குங்கள். நல்ல தோலில் அமிலம் பட்டால் அதையும் அரித்துவிடும். சுற்றிலும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்வது நல்ல காப்பு. ஒட்டிய பிளாஸ்திரியை நனைக்காமல் 48 மணி நேரம் விட்டு எடுங்கள். வெள்ளையாக ஊறிய தோலைக் கல்லால் மென்மையாகத் தேய்த்துவிட்டு, தேவைப்பட்டால் புதிதாக ஒட்டுங்கள். மொத்தம் 14 நாளுக்கு மேல் தொடர வேண்டாம். வாங்கிய பெட்டியில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படி நடங்கள்.

எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தாலோ சுற்றிலும் சிவந்தாலோ உடனே கழற்றிக் கழுவிவிடுங்கள். வெடிப்பு, புண், சீழ் இருக்கும் இடத்தில் இதைப் போடவே கூடாது. மென் ஆணிக்கும் இது ஒத்துவராது, ஈரத்தில் அமிலம் பக்கத்துத் தோலுக்குப் பரவிவிடும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

மருத்துவரிடம் என்ன செய்வார்கள்?

மூன்று நான்கு வாரம் முறையாகச் செய்தும் மாற்றமில்லை என்றால், அல்லது வலியால் நடையே மாறிவிட்டது என்றால், பாத நல மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். நடை மாறினால் முழங்கால், இடுப்பு என்று வலி மேலே ஏறும். சிவப்பு பரவுவது, சூடு, சீழ், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

போவதற்குப் பலர் தயங்குவது கத்திக்குப் பயந்து. உண்மையில் அங்கே நடப்பது இவ்வளவுதான்: மருத்துவர் ஒரு சிறு கத்தியைத் தோலோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து, தடித்த தோலை மெல்லிய சீவலாக ஒவ்வொன்றாக எடுப்பார். மேல்தடிப்பு போனதும் நடுவிலுள்ள கெட்டியான கூம்பு தனியே தெரியும். அதைக் கத்தி முனையால் சுற்றி வந்து எடுத்துவிடுவார். செத்த தோல் என்பதால் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி கூடத் தேவைப்படாது. எழுந்து நின்றதும் அந்தக் குத்தல் போயிருப்பதை உணர்வீர்கள்.

பிறகு உங்கள் பாதத்தின் அமைப்பைப் பார்ப்பார்கள். முன்பாதத்தில் எடை குவிகிறது என்றால், அந்த எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால் தாங்கு மெத்தை வைத்த இன்சோல் தருவார்கள். அது ஆணிக்கு நேர்கீழே இல்லையே என்று நீங்களாக நகர்த்திவிடாதீர்கள்; பின்னால் இருந்து தூக்கிப் பிடித்தால்தான் முன்னால் இருக்கும் அழுத்தம் குறையும்.

மடங்கி இறுகிப்போன விரல், புடைத்த பெருவிரல் மூட்டு, துருத்தும் எலும்பு இவற்றால் ஆணி திரும்பத் திரும்ப வந்தால், எலும்பைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசலாம். எலும்பை விட்டுவிட்டு ஆணி இருக்கும் தோலை மட்டும் அறுத்துத் தைக்கும் யோசனையை யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள். அழுத்தம் போகாது, தழும்பு மட்டும் கூடுதலாகச் சேரும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதிகமாகப் போடும் காலணியைப் போட்டுக்கொண்டே போங்கள். அன்றைக்கென்று புதுச் செருப்பு போட்டுப் போனால் பாதி தடயம் வீட்டிலேயே தங்கிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

நெடுநாள் கட்டுப்பாடில்லாத சர்க்கரை, பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும், ரத்த ஓட்டத்தையும் குறைக்கும். மற்றவர்களுக்கு ஆணி வலிக்கும், அதனால் கவனிப்பார்கள். உங்களுக்கு வலிக்காமலேயே இருக்கலாம். வலிக்காத ஆணி என்று சும்மா விட்டால், தடித்த தோலே கீழே உள்ள சதையை நசுக்கி, உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, புண்ணாகிவிடும். காய்ப்புக்கோ ஆணிக்கோ அடியில் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு நிழல் தெரிந்தால் அந்தக் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைக்கே காட்டுங்கள். புண்ணில் கிருமி சேர்ந்து முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம்; இது நேராமல் தடுக்கக்கூடியது என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

கார்ன் கேப், திரவ மருந்து, கல், கத்தி எதுவும் வீட்டில் வேண்டாம். பாதத்தை ஊறவைக்கவும் வேண்டாம். கழுவித் துடைத்தால் போதும். நீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, கால் மரத்திருப்பதால் காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள். தினமும் ஒருமுறை உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். காலணி போடும்முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஆணியைச் சீவி எடுப்பதைக் கால் பரிசோதனைக்குப் போகும்போது பயிற்சி பெற்றவர்களே செய்யட்டும்.

திரும்ப வராமலிருக்க: காலணி வாங்கும்போது

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்து நின்று பாதம் சற்று வீங்கியிருக்கும். அதற்குப் பொருந்துவதே நாள் முழுக்கப் பொருந்தும். இரண்டு பாதமும் ஒரே அளவு இருப்பது அபூர்வம், பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது போதாது. எழுந்து நிற்கும்போது பாதம் நீளும், அகலும். நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கும் காலணி முனைக்கும் நடுவில் ஏறத்தாழ ஒரு செ.மீ. இடம் வேண்டும். சிலருக்கு மிக நீண்டது பெருவிரல் அல்ல, இரண்டாம் விரல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எல்லா விரல்களையும் அசைக்க முடிய வேண்டும். பாதத்தின் அகலமான பகுதி காலணியின் அகலமான பகுதியில் வந்து உட்கார வேண்டும். குதிகால் கழன்று கழன்று வரக்கூடாது. கயிறோ பட்டையோ உள்ள காலணி பாதத்தைப் பின்னால் பிடித்து நிறுத்துவதால் விரல்கள் முன்னால் போய் இடிக்காது. குதி உயரம் 3, 4 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போகப் போக எடை முன்பாதத்துக்குச் சரிகிறது. விசேஷங்களுக்கு உயரமானதைப் போடத்தான் போகிறீர்கள் என்றால் போக வர வேறு செருப்பை வைத்துக்கொண்டு, தேவையான நேரத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"போடப் போட இளகிவிடும்" என்று கடையில் சொன்னால் அதை வாங்காதீர்கள். இளகுவதற்குள் உங்கள் தோல் தடித்துவிடும். வீட்டில் வரைந்த பாதத் தாளை மடித்து எடுத்துப் போனால், நிறத்திலும் வடிவத்திலும் மயங்குகிற நேரத்தில் அது உண்மையைச் சொல்லும்.

சாக்ஸின் தையல் விரல் முட்டில் உட்காராமல் பாருங்கள். இறுக்கமான சாக்ஸும் விரல்களை நெருக்கும். நகங்களை அளவாக வெட்டுங்கள். நீண்ட நகம் காலணியில் முட்டும்போது விரல் பின்னால் மடங்கும். தினமும் ஒரே காலணியைப் போடாமல் மாற்றிப் போட்டால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாது, வியர்வையும் காயும். பாத அளவு வாழ்நாள் முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. வயது ஏறும்போதும், எடை கூடும்போதும், பிரசவத்துக்குப் பிறகும் மாறும். பத்து வருடத்துக்கு முன் தெரிந்த எண்ணைச் சொல்லி வாங்காமல், ஒவ்வொரு முறையும் அளந்து வாங்குங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பாதத்தை நீங்களே வாரம் ஒருமுறை பாருங்கள். குனிய முடியாது, பார்வை மங்கியிருக்கும், சொன்னால் உங்களுக்குச் சிரமம் என்று சொல்லாமலும் இருப்பார்கள். நடை குறைந்துவிட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறார்கள் என்றால், வயதின் மேல் பழி போடுவதற்கு முன் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள்.